சொன்ன விலை சொன்னபடி

அந்தத் தாளுக்குச் சட்டம் வைத்த பெயர் ‘முழுவிலை முன்னறிவிப்பு அறிக்கை’. கோயம்புத்தூர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ஜாதகம். ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது, ஏனென்றால் அதுதான் உண்மையாக இருந்தது.

நோயாளி ஒரு கண்ணாடித் தட்டின் மேல் கையை வைக்க வேண்டும். தட்டு சுருக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். மேலேயிருந்து ஒரு விளக்கு உடம்பைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்கும். நாலே நிமிஷத்தில் தாள் வந்து விழுந்துவிடும். எத்தனை நாள் படுக்கை, என்ன மருந்து, எத்தனை ஊசி, டாக்டர் எத்தனை தடவை எட்டிப் பார்ப்பார், பஞ்சு எவ்வளவு, எல்லாம் வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் விலை. வீட்டுக்குப் போகும் நாள் வரைக்குமான மொத்த விலை, ஆஸ்பத்திரி ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே கையில் கிடைத்துவிடும்.

முன்பெல்லாம் உள்ளே போகும்போது ஒன்று சொல்வார்கள், வெளியே வரும்போது ஒன்பது பிடுங்குவார்கள். அதை ஒழிக்கத்தான் சட்டம் வந்தது. சொன்ன விலைக்கு மேல் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தாண்டினால் குற்றம். இரண்டு ரூபாய்க்கு மேல் குறைந்தாலும் குற்றம், ஏனென்றால் அதிக விலை சொல்லி ஏழையைப் பயமுறுத்தித் துரத்துவதும் ஏமாற்று வேலைதான். தப்புச் செய்த ஆஸ்பத்திரியின் தரச் சான்றில் நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் அரசுக் காப்பீட்டு நோயாளிகள் வர மாட்டார்கள், கடையை மூட வேண்டியதுதான். அந்தச் சட்டத்தில் நியாயமில்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டார்கள். எல்லா விலையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால், பிணம் வைக்கிற உறைபெட்டிக்கும் அமரர் ஊர்திக்கும் ஆகிற விலையையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஜாதகத்தின் கடைசி வரியில் ‘மறுபரிசோதனை, மூன்று முறை’ என்று இருந்தால் ஆள் பிழைத்துவிடுவார். ‘இறுதிச் சேவைகள்’ என்று இருந்தால் அவ்வளவுதான். சட்டம் வந்த முதல் மாதத்திலேயே ஜனங்கள் தாளைக் கீழேயிருந்து மேலாகப் படிக்கப் பழகிக்கொண்டார்கள்.

அமுதகிரி மருத்துவமனையில் அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது சிந்துஜாவின் வேலை. விலை வெளிப்படை அலுவலர் என்று மேசைமேல் பலகை இருந்தாலும் எல்லோருக்கும் அவள் ரேட்டக்காதான். ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்து, “விலை புரிஞ்சுதுங்களா?” என்று கேட்பாள். நோயாளியோ வீட்டாரோ “புரிஞ்சுது” என்று வாயால் சொல்ல வேண்டும், அது பதிவாகும். அதுவரை எந்த டாக்டரும் நோயாளியைத் தொடக் கூடாது. அவளுடைய ஒன்பதாம் கவுண்டரில் விலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், பொய் சொன்னால் ஜெயில். அவள் தலைக்கு மேலே சட்டப்படி ஒரு பலகையும் இருந்தது. இந்த ஆண்டு சரியாகச் சொன்ன விலைகள்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மறுகணிப்பு: 0. ‘சொன்ன விலை சொன்னபடி’ என்று கீழே பொன்னெழுத்தில் ஆஸ்பத்திரியின் பெருமை.

இந்த வேலையைச் சிந்துஜா சம்பளத்துக்காக மட்டும் செய்யவில்லை. அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பாவை வேறோர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்” என்று சொல்லிச் சொல்லியே தோட்டத்தைத் தின்றார்கள். அப்பாவும் போனார், தோட்டமும் போனது. அதனால் தன் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க விடமாட்டேன் என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. ஏழு வருஷம் அதைக் காப்பாற்றினாள். அதில் அவளுக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல.

தை மாதத்தில் சோமனூரிலிருந்து பூங்கோதை என்கிற அம்மாள் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். அவருக்கு நுரையீரலில் தொற்று, ரத்தத்திலும் பரவியிருந்தது. மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம், ஏழு நாள், கடைசி வரி இறுதிச் சேவைகள். பூங்கோதை மஞ்சப்பையை மேசைமேல் வைத்துக் கட்டுக் கட்டாகப் பணத்தை எடுத்தார். அழவில்லை. “புரிஞ்சுதுங்க” என்று மட்டும் சொன்னார்.

ஆறாம் நாள் காலையில் அவர் கவுண்டருக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“அம்மிணி, எங்கூட்டுக்காரரு கண்ணு முழிச்சுட்டாருங்க! அரிசிம்பருப்புச் சோறு வேணும்னு கேக்கறாருங்க. இன்னொருக்கா அந்தத் தட்டுல கைய வெச்சுப் பாக்கலாமுங்களா?”

“சில பேருக்கு அப்படி இருக்குமுங்க, கடைசியில கொஞ்சம் தெளியும். அதை நம்பாதீங்க” என்றாள் சிந்துஜா.

“ஒரே ஒருக்கா அம்மிணி.”

“அப்படியெல்லாம் இங்க வழக்கமில்லீங்க.”

வழக்கமில்லை என்பது பொய்யில்லை. சட்டத்தின் பதினாலாம் பிரிவில் மறுகணிப்பு என்று ஒன்று இருந்தது. அலுவலரும் டாக்டரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பழைய தாளை ரத்து செய்து புதுத் தாள் எடுக்கலாம். அது ஜாதகத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது, யாரும் படித்ததில்லை. ஒரு மறுகணிப்பு என்றால் சொன்ன விலை தப்பு என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம், நட்சத்திரத்துக்குக் கேடு. ஆனால் சிந்துஜா நட்சத்திரத்துக்காகச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் தப்பாத தாள் இந்தம்மாவுக்காகத் தப்பப் போகிறதா என்றுதான் நினைத்தாள்.

பூங்கோதை பையைத் திறந்து காட்டினார். “நாலு தறிய வித்த காசுங்க. கட்டினது போக ஒண்ணேகால் லட்சம் மீதியிருக்குது. இதையும் போட்டுக்கோங்க, எனக்கு அவரு இருந்தாப் போதுமுங்க.”

“பைய மூடுங்கக்கா” என்றாள் சிந்துஜா. அவளுக்கு அப்பாவின் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. “சொன்ன விலைக்கு மேல ஒரு ரூபா வாங்க மாட்டோம். யாராவது வாங்கினா என்கிட்ட வந்து சொல்லுங்க. இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொழைக்கற வழியப் பாருங்க.”

நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டாள். மறுநாள் இரவு பத்து மணிக்கு அந்த மனிதர் இறந்துபோனார். விலை சொன்னதற்கும் ஆனதற்கும் நூற்று அறுபது ரூபாய்தான் வித்தியாசம்.

பங்குனியில் அவளுடைய தம்பி தருண் வந்தான். முப்பத்துநாலு வயது, சூலூரில் பேக்கரி வைத்திருந்தான். கல்யாணம் பண்ணிக்கொள் என்றால் அடுப்பைக் கட்டிக்கொண்டாயிற்று என்பான். நாலு நாள் காய்ச்சலை மாத்திரை போட்டே ஓட்டிவிட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆட்டோ பிடித்துத் தானே வந்து சேர்ந்தான். தட்டில் கையை வைத்தான். தாள் வந்தது. சிந்துஜா, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, தாளைக் கீழேயிருந்து மேலாகப் படித்தாள்.

எட்டாம் கவுண்டர்க்காரி எழுந்து வந்து, “அக்கா, நான் படிக்கிறேன், நீங்க நகருங்க” என்றாள். சிந்துஜா நகரவில்லை. நாலாயிரம் பேருக்குப் படித்த வாய் இன்றைக்கு மட்டும் என்ன பெரிய வாய் என்று தன்மேலேயே கோபமாக வந்தது. முதல் வரியிலிருந்து படித்தாள். ஏழு நாள் என்று படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது.

“அக்கா, கடைசி வரி கேக்கல. சத்தமாப் படி” என்றான் தருண், மூச்சுக்கு நடுவே.

“இறுதிச் சேவைகள். பதினோராயிரத்து நானூறு.”

அவன் தாளை வாங்கிக் கடைசி வரியைத் தானே ஒரு தடவை பார்த்தான். பிறகு, “பெட்டி ஏசியா, சாதாவா?” என்று கேட்டான். “கேளு, கேளு” என்றான், அவள் கேட்டாக வேண்டிய கேள்வியை ஞாபகப்படுத்தி.

“விலை புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா.”

அதற்குப் பிறகுதான் டாக்டர்கள் அவனைத் தொட்டார்கள்.

ஐந்து நாள் அவன் குழாய்களுக்கு நடுவே கிடந்தான். சிந்துஜா கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விலை படித்தாள், ஒரு வரிகூடத் தப்பவில்லை. ஆறாம் நாள் காலை அவள் உள்ளே போனபோது வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை. தருண் கண்ணைத் திறந்து, காற்றைப் போன்ற குரலில், “தேங்கா பன் இருக்குதா?” என்றான்.

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. அதே நோய், அதே ஆறாம் நாள், அதே பசி. அரிசிம்பருப்புச் சோறு என்று ஒருவர் கேட்டாரே!

டாக்டர் அன்வர்தீன் வராந்தாவில் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்காரர், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிற வழக்கம்.

“டாக்டர், தம்பிக்குத் தேறிட்டு வருதுங்களே?”

“வருதுங்க.”

“அப்புறம் நாளைக்கு எப்படி…?”

அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். “நாளைக்குக் காலையில பத்து மணியோட தாள் முடியுது. அந்த மருந்து இன்னும் ஆறு நாள் போகணும். நடுவுல நிறுத்தினா தொற்று ரெண்டு மடங்காத் திரும்பி வரும், ஒரு பொழுதுகூடத் தாங்காது. ஆனா தாள்ல இல்லாத மருந்தை நான் எழுதினா மருந்தகத்துல எடுக்கவே எடுக்காதுங்க. கம்ப்யூட்டர் பூட்டிக்கும்.”

“அப்ப நிறுத்தறதாலதான் சாகறாங்களா?”

“சாவாங்கன்னு தாள்ல இருக்குதுங்களே” என்றார் அவர். அதைச் சொன்ன பிறகுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “எல்லாரும் அப்படியில்லீங்க. பாதிப் பேரு எப்படியும் போயிருப்பாங்க. மீதிப் பாதி ஆருன்னுதான் நமக்குத் தெரியாது.”

அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அறையாமல், தட்டைக் கவனித்துக்கொள்ளும் என்ஜினியர் ஜெரால்டைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். தள்ளுவண்டியில் தட்டு தருணின் கட்டிலுக்கே வந்தது. பதிவில் ஏறாத சோதனையாகத் தருண் மறுபடியும் கையை வைத்தான். காய்ச்சல் இறங்கிய கை, வெதுவெதுப்பாக இருந்தது. நாலு நிமிஷம். தாள் வந்தது. கடைசி வரி: இறுதிச் சேவைகள், பதினோராயிரத்து நானூறு. ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

“இவனைப் பாருங்க ஜெரால்டு! பன் கேக்கறான். உங்க மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

ஜெரால்ட் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னான்.

“மேடம், இது நோயைக் கணிக்கற மெஷின்னு நீங்க நினைக்கிறீங்க. விலையைக் கணிக்கற மெஷினுங்க. இந்த ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஒருத்தர் வந்தா, நாம என்னென்ன செய்வோம், எப்ப நிறுத்துவோம், அதைத்தான் ஏழு வருஷமாப் பார்த்துப் படிச்சு வெச்சிருக்குது. ஆரம்பத்துல நூத்துக்கு எண்பதுதான் சரியா வந்துச்சு. நாம தாளைத் தாண்டாம வேலை செய்யச் செய்ய, அது தொண்ணூத்தொன்பது ஆயிருச்சு.”

“தம்பி தேறினது அதுக்குத் தெரியலையா?”

“தெரியுமுங்க. ரத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். தேறினாலும் ஏழாம் நாள் நாம கையை எடுத்துருவோம்னும் அதுக்குத் தெரியும். மறுகணிப்பு போடுவாங்களான்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல இங்க எப்பவும் பூஜ்யம்.” அவன் கொஞ்சம் தயங்கினான். “அந்தப் பூஜ்யம் நீங்கதான் மேடம். உங்க கையெழுத்து இதுவரைக்கும் ஒருதடவைகூட வந்ததில்லைன்னு அது படிச்சிருக்குது.”

சிந்துஜா சுவரில் சாய்ந்தாள். நாலாயிரம் தாள். அவற்றில் எத்தனை தாளில் அவள் கையெழுத்துப் போடாததே விலையாக அச்சாகியிருந்தது? கணக்குப் போட அவளுக்குத் துணிவில்லை.

பதினாலாம் பிரிவின் படிவங்கள் அவளுடைய மேசையின் கீழ் டிராயரில்தான் இருந்தன. அச்சகத்திலிருந்து வந்த கட்டு, ஏழு வருஷமாகப் பிரிக்காத சணல் கயிறு. பல்லால் கடித்து அறுத்தாள். எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், டாக்டர் அன்வர்தீனிடம் நீட்டினாள். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார்.

“ஏழு வருஷமா இதை ஆராவது கொண்டுவருவாங்கன்னு பார்த்துட்டு இருந்தேனுங்க” என்றார்.

“நீங்களே கேட்டிருக்கலாமே டாக்டர்?”

“கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போய்விட்டார்.

படிவத்தைக் கணினியில் ஏற்றியதும் தருணின் கையை மூன்றாவது தடவை தட்டில் வைத்தார்கள். அதே கை, அதே ரத்தம். இடையில் ஒரு மணி நேரமும் ஒரு கையெழுத்தும்தான் கூடுதல். தாள் வந்தது. இன்னும் ஒன்பது நாள் படுக்கை, இன்னும் எண்பத்தாறாயிரம் ரூபாய். கடைசி வரி: மறுபரிசோதனை, மூன்று முறை.

“பெட்டிக் காசு மிச்சம்” என்றான் தருண். சிந்துஜா அவன் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவன் நடந்தே வீட்டுக்குப் போனான்.

இயக்குநர் தண்டபாணி அவளைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார்.

“சொந்தத் தம்பி. ஆரா இருந்தாலும் செய்வாங்க, நான் தப்புச் சொல்ல மாட்டேனுங்க. ஆனா இந்த ஒரு கேஸை மெஷினுக்குப் படிக்கக் குடுக்க வேண்டாம்னு ஜெரால்டுகிட்டச் சொல்லிட்டேன். விதிவிலக்குங்க. ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் குழப்பிக்கக் கூடாது. அப்புறம், அந்தப் பதினாலாம் பாரம் எல்லாத்தையும் என் ரூமுக்கு அனுப்பி வெச்சுருங்க. இங்கயே பத்திரமா இருக்கட்டும்.”

“சார், இனிமேலும் ஆறாம் நாள் தேறி வர்றவங்க வருவாங்களே?”

“தாள்ல இருக்கறபடி நடக்கும். காபி ஆறுது பாருங்க.”

வேலையை விட்டுவிடலாம் என்று அவள் நினைத்தாள். விட்டால் இந்த நாற்காலியில் வருகிறவளுக்குப் பதினாலாம் பிரிவு ஒன்று இருப்பதே தெரியாது என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு உண்மையா, இல்லை மாதச் சம்பளம் பேசுகிறதா என்று அவளுக்கே விளங்கவில்லை. அடுத்த மூன்று வாரத்தில், ஆறாம் நாள் தேறி வந்த இரண்டு பேருக்காக இரண்டு தடவை இயக்குநரின் அறைக்குப் போய்ப் படிவம் கேட்டாள். இரண்டு தடவையும் அவர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிவதற்குள் அந்த இரண்டு பேருடைய தாளும் முடிந்துவிட்டது. அவள் தலைக்கு மேலிருந்த பலகையில் ஒரே ஒரு எண் மாறியிருந்தது. மறுகணிப்பு: 1. அதை மறைக்கச் சட்டம் இடம் கொடுக்காது.

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்துப் பூங்கோதை வந்தார். வாரிசுச் சான்றிதழுக்கு ஆஸ்பத்திரியின் முத்திரை வேண்டியிருந்தது. இளைத்திருந்தார். கையில் அதே மஞ்சப்பை, உள்ளே பணம் இல்லை, காகிதங்கள் இருந்தன.

“நல்லா இருக்கீங்களா அம்மிணி?” என்று அவர்தான் முதலில் விசாரித்தார். “நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சுங்க. அந்தக் காசை வெச்சு ஒரு தறி திரும்ப வாங்கிட்டேன். வேற ஆராவது இருந்தா புடுங்கியிருப்பாங்க. ஊருல எல்லாருகிட்டயும் சொல்லுவேன், ரேட்டக்கா ஒரு ரூபா வாங்கலைன்னு.”

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டு முத்திரையை மையில் ஒற்றினாள். மை அதிகமாகிவிட்டது. பூங்கோதை காத்திருக்கிற நேரத்தில் சும்மா அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

“அந்த எடத்துல முன்ன பூஜ்யம்தானுங்களே இருந்துச்சு? ஏழு நாளும் இங்கதானே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். மறுகணிப்புன்னா என்னங்க?”

விலையைப் பற்றிய கேள்வி. ஒன்பதாம் கவுண்டர். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் சிந்துஜா ஜெயிலுக்குப் பயந்து பதில் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை தட்டுல கை வைக்கறதுங்க. புதுத் தாள் குடுக்கறது.”

“அப்படியொண்ணு உண்டுங்களா?”

“உண்டுங்க. சட்டத்துலயே உண்டு.”

“அந்த ஒண்ணு ஆருங்க?”

“என் தம்பிங்க.”

“அவருக்கு என்ன நோவுங்க?”

“உங்க வீட்டுக்காரருக்கு இருந்த அதே நோவுதானுங்க.”

“பொழைச்சுட்டாருங்களா?”

“பொழைச்சுட்டானுங்க.”

பூங்கோதை தலையை ஆட்டினார். “சந்தோசமுங்க” என்றார். அது வாய்வார்த்தையாகச் சொன்னதில்லை, நிஜமாகவே சொன்னார். சிந்துஜாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அதன்பின் அந்த அம்மாள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, விலை கேட்கிறவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டார்.

“எத்தனைங்க ஆச்சு, கூட?”

“எண்பத்தாறாயிரங்க.”

பூங்கோதையின் பார்வை மஞ்சப்பைக்குப் போயிற்று. விரல்கள் பையின் காதைச் சுருட்டின, பிரித்தன. பின்னால் வரிசையில் நின்றிருந்த யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“எங்கிட்ட இருந்துச்சுங்களே அம்மிணி” என்றார்.

சிந்துஜா முத்திரை வைத்த காகிதத்தை நீட்டினாள். பூங்கோதை அதை வாங்கி, மடிக்காமல், மை காயட்டும் என்று ஊதிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். சிந்துஜா எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாலு அடி போன பிறகு அவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“புரிஞ்சுதுங்க.”